செல்லத்தாய்க்குக் கேட்கும் குரல்

போடிமெட்டு
11.7.1977

சந்திரவல்லிக்கு அவள் மாமியார் வேலுத்தாய் எழுதுவது.

உன்னோடு பேசமாட்டேன் என்றுதான் சொன்னேனே தவிர, எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் நான் சொல் தவறிவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. என்னை இரண்டாம் வகுப்போடு நிறுத்தி மாடு மேய்க்க அனுப்பிவிட்டார்கள். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். சிரித்துக்கொள். சிரிக்கிறது உனக்குப் பழக்கம்தானே.

நான் கேட்பது ஒன்றுதான். என் பேத்தியை யாரைக் கேட்டு மைசூருக்குக் கொண்டுபோனாய்? நான் ஏலத்தோட்டத்தில் களை எடுக்க ஆள் விட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து, உன் அண்ணன் மொக்கச்சாமியை வரச்சொல்லி, பிள்ளையையும் துணி மூட்டையையும் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறாய். கத்தரிப்பூச் சேலை கட்டியிருந்தாயாம். தோட்டத்து அய்யம்மாள் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "ஆத்தா, ஒம் மருமக திரும்பிக்கூடப் பாக்கல. கெணத்துல கல்லு விழுந்தது மாதிரி ஒரேயடியா எறங்கிப் போயிருச்சு." இதையெல்லாம் வேலைக்காரி வாயால் கேட்க வேண்டியிருக்கிறது எனக்கு.

என் மகனைக் கேட்டால், "செல்லத்தாய்க்குக் காது கேக்கலைனு மதுரையில டாக்டர் சொன்னாரு ஆத்தா. மைசூர்ல அதுக்குன்னே ஒரு ஆஸ்பத்திரி இருக்காம். அங்க பேச்சு வர வைப்பாங்களாம்" என்கிறான். பெற்ற தாயிடம் சொல்லக் கூடாது, மச்சானிடம் சொல்லலாம். வெள்ளைத்துரையை நான் வளர்த்த லட்சணம் அப்படி.

காது கேட்கவில்லையாம்! அவன் ஜீப்பு வளைவு ஏறி வருகிறபோது எனக்குக் கேட்காது, அய்யம்மாளுக்குக் கேட்காது, நாய்க்குக்கூடக் கேட்காது. செல்லத்தாய் விளையாட்டைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். அதற்குப் பிறகுதான் நமக்கெல்லாம் ஜீப்பு கேட்கும். இடி இடித்தால் காதைப் பொத்துவாள். உறுமி அடித்தால் ஆடுவாள். உன்னை "ம்மா" என்று கூப்பிடுகிறாள். செவிடு எங்கேயாவது அம்மா என்று கூப்பிடுமா?

அவளுக்குக் கேட்காதது நான் கை தட்டுவது ஒன்றுதான். அது காதுக்கோளாறு இல்லை. மாமியாரை மதிக்காதே என்று நீ பாலோடு ஊட்டிய பாடம்.

செவிடு என்று ஊரில் ஒருமுறை சொல்லிவிட்டால் அந்தப் பெயர் அவள் கல்யாணம் வரைக்கும் கூடவே வரும். நாலு வயதாகியும் பேச்சு தாமதமானால் அதற்கு வழி இருக்கிறது. கோயில் மணியைக் கவிழ்த்து, அதில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கக் கொடுத்திருக்கிறேன். நாக்கில் வசம்பு தேய்த்திருக்கிறேன். அது வேலை செய்வதற்குள் உனக்கு என்ன அவசரம்?

ஆவணி பிறப்பதற்குள் பிள்ளையைக் கொண்டுவந்து விடு. நீ வந்தாலும் வா, வராவிட்டாலும் போ.

வேலுத்தாய்


மைசூர்
30.7.1977

அத்தைக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. சொல்லாமல் வந்தது தப்புதான். சொல்லியிருந்தால் நீங்கள் விட்டிருக்கமாட்டீர்கள். உங்களை எதிர்த்து நின்று கேட்கிற தைரியம் எனக்கும் இல்லை, உங்கள் மகனுக்கும் இல்லை.

இங்கே நடந்ததை அப்படியே எழுதுகிறேன். சுவர் முழுக்க மெத்தை வைத்தது மாதிரி ஓர் அறை. கதவைச் சாத்தினால் நம் மூச்சு நமக்கே கேட்கிறது. செல்லத்தாயின் கையில் பாசிமணிகளைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு மணியைக் கிண்ணத்தில் போட வேண்டும். அரை நாளில் விளையாட்டைக் கற்றுக்கொண்டாள். முதலில் கனத்த சத்தங்கள். கொஞ்சம் மெதுவாக வைத்தாலும் மணி விழுந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அத்தை சொன்னதுதான் சரி என்று நினைத்தேன். பிறகு சத்தத்தைப் படிப்படியாகக் கீச்சென்று, கூர்மையாக ஏற்றிக்கொண்டு போனார்கள். மணி விழுவது நின்றுவிட்டது. எனக்குக் காதைக் குத்துகிற அளவுக்குச் சத்தம் வைத்தார்கள். அவள் மணியைக் கன்னத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு, எப்போது வரும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருந்தால் நான் பாலோடு ஊட்டிய பாடம் என்று எழுதியிருக்கமாட்டீர்கள்.

அவளுக்குக் கேட்கிறதை ஒரு தாளில் கோடாக வரைந்து காட்டினார்கள். கனத்த சத்தத்தின் பக்கம் கோடு ஓரளவு நேராக வருகிறது. அதற்கப்புறம் நம் மெட்டில் இருந்து பள்ளத்தாக்குக்குள் பார்த்தது மாதிரி ஒரே சரிவு.

ஜீப்பு, இடி, உறுமி எல்லாம் கனத்த சத்தம். மெதுவாக அதிரும் சத்தம் மலை மடிப்பைச் சுற்றி வளைந்து வந்துவிடுமாம். கூர்மையான சத்தம் பாதி வழியிலேயே தீர்ந்துபோகும். அதனால்தான் ஹாரன் வருவதற்கு முன்னால் இஞ்சின் உறுமல் வருகிறது. நம் காதைப் பறவையும் பாத்திரமும் பேச்சும் நிரப்பிக்கொண்டிருக்கின்றன. அவளுக்கு வருவது அந்த உறுமல் ஒன்றுதான். போதாததற்கு நம் வீட்டுத் தளம் பலகை. காலில் தெரியும். கை தட்டுவது கூர்மையான சத்தம். அது அவளுக்குப் போய்ச் சேரவே இல்லை. பேச்சிலும் அப்படித்தான். ஆ, ஊ, ம் வரும். ச, ட, க எதுவும் வராது. நாம் ஒரு வாக்கியம் சொன்னால், ஓடு பிரித்த வீடு மாதிரி மரச்சட்டம் மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

"இத்தனை வருஷம் உங்க வீட்டுல யாருக்குமே சந்தேகம் வரலையாம்மா?" என்று இங்கே டாக்டரம்மா கேட்டார்கள். எங்கள் வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை, கரண்டியைக் காட்டினால் சோறு, செம்பைத் தட்டினால் தண்ணீர், எங்கள் நடுவில் வளர்ந்த பிள்ளை சைகையை எங்களைவிட நன்றாகப் படித்துக்கொண்டாள், அதனால் அவளுக்குக் கேட்கிறது என்றே நினைத்துவிட்டோம் என்று சொன்னேன். அவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

காதுக்கு ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். சட்டைப்பையில் ஒரு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு வயர். நான் பி.யூ.சி. படித்தவள் என்பதால் காது கேளாத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆவணிக்கு வர முடியாது.

உங்கள் மருமகள்
சந்திரவல்லி


போடிமெட்டு
19.8.1977

சந்திரவல்லிக்கு,

மலைக்கு அந்தப் பக்கம் வருகிற ஜீப்பு எப்படிக் கேட்கும் என்று எனக்கு மைசூரில் இருந்து எழுதுகிறாய். நல்லது.

வீட்டு விஷயத்தை டாக்டரிடம் சொல்லியிருக்கிறாய். பாதியைச் சொல்லியிருக்கிறாய். ஏன் பேச்சு நின்றது என்று அந்த அம்மாள் கேட்கவில்லையா? கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? நான் சொல்கிறேன், எழுதிக்கொள்.

செல்லத்தாய்க்குக் காதுகுத்து. உன் அண்ணன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பந்தலில் உட்கார்ந்திருக்கிறான். நான் அடுப்படியில் இருந்து, "ஏ இருளம்மா, எலையப் போடுங்கடி, பொழுது ஏறிருச்சு" என்று குரல் கொடுத்தேன். என் குரல் என்னோடு பிறந்தது. தோட்டத்தில் ஒரு சரிவில் நின்று கூப்பிட்டால் அடுத்த சரிவில் ஆள் நிமிர்ந்து பார்க்கும். அதை வைத்துத்தான் புருஷன் போன பிறகு தோட்டத்தை நடத்தினேன். அப்போது உன் அண்ணன் சொன்னான்: "என்ன மாப்ளே, வீட்டுக்குள்ள லோடு லாரி மெட்டு ஏறுது!" பந்தல் முழுக்கச் சிரித்தது. சம்பந்தகாரர்கள் சிரிப்பார்கள், போகட்டும். நீ சிரித்தாய். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க. பச்சைக் கரை போட்ட முந்தானை.

அன்றைக்குச் சொன்னேன், இனி இந்த வீட்டுக்குள் என் குரல் உன் காதில் விழாது என்று. விழவில்லை. தோட்டத்தில் பேசினேன், சந்தையில் பேசினேன், வாசற்படி தாண்டினால் வாயை மூடிக்கொண்டேன். பிள்ளையிடம் பேசினால் பக்கத்தில் நிற்கிற உனக்குக் கேட்கும். அதனால் அவளிடமும் கையால்தான். குற்றம் யாருடையது என்று உன் மெத்தை அறையில் வைத்துச் சோதித்துப் பார்.

பிள்ளையின் சட்டைப்பையில் பெட்டியை வைத்துக் காதில் வயரைத் தொங்கவிட்டிருக்கிறாய். வெள்ளைத்துரை போட்டோ காட்டினான். பிள்ளை இளைத்திருக்கிறாள்.

வேலுத்தாய்


மைசூர்
16.10.1977

அத்தைக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. எழுதினால் சண்டைதான் எழுதியிருப்பேன். இப்போது எழுதுவது வேறு.

இந்த மாதம் எங்களுக்கு ஒலியைப் பற்றிய பாடம். பி.யூ.சி.யில் படித்ததுதான், அப்போது மார்க்குக்காகப் படித்தேன். இரும்பில் செய்த, தட்டினால் ஒலிக்கிற இரண்டு கவைகளை வாத்தியார் கொண்டுவந்தார். பெரியது மெதுவாக அதிரும், கனத்த சத்தம். சின்னது வேகமாக அதிரும், கீச்சென்ற சத்தம். மனிதத் தொண்டையும் இதே கணக்குத்தான் என்றார். குரல்வளைக்குள் இரண்டு சவ்வு மடிப்புகள் இருக்கின்றன. அவை தடித்திருந்தால் மெதுவாக அதிரும், குரல் கனக்கும். பெண்களுக்குப் பொதுவாக மெல்லியவை. சில பெண்களுக்கு ஆண்களைப் போலத் தடித்து அமைந்துவிடும்.

அன்று சாயங்காலம் அவரிடம் செல்லத்தாயின் கோடு வரைந்த தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். "இந்தப் பிள்ளைக்குக் கனத்த குரல்ல, பக்கத்துல உக்காந்து, நாள் முழுக்கப் பேசுற ஒரு ஆள் கெடச்சா அதுதாம்மா மருந்து. அது மேல ஏறித்தான் மத்த எழுத்தைப் பிடிக்கணும். வீட்டுல அப்படி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

உங்கள் மகன் விடியும் முன்னால் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனால் பிள்ளை தூங்கிய பிறகுதான் வருவார். அவருக்கு அவர் அப்பாவின் மெல்லிய குரல் வேறு. என் குரல் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பாசிமணி விழாத பக்கத்துக் குரல்.

அண்ணன் கேலியாகச் சொன்னது பாடத்தில் சரியாக இருக்கிறது, அத்தை. உங்கள் குரலும் மெட்டு ஏறும் வண்டியும் ஒரே வரிசை. அவள் எதைக் கேட்டு வாசலுக்கு ஓடினாளோ, அதே வரிசை. அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த குரல் உங்களுடையதுதான். அதை நீங்கள் வாசற்படியில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தீர்கள். வைக்கச் செய்தது என் சிரிப்பு. பேச்சைப் பிடிக்கிற வயதெல்லாம் அப்படியே போயிற்று.

சிரித்தேன். பச்சைக் கரைதான்.

இப்போதும் முழுக்க முடிந்துபோகவில்லை என்கிறார்கள். நீங்கள் இங்கே வாருங்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். என்னிடம் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். நீங்கள் பேசும் நேரம் நான் அறையை விட்டு வெளியே போய்விடுகிறேன்.

சந்திரவல்லி


போடிமெட்டு
20.11.1977

சந்திரவல்லிக்கு,

உன் கடிதத்தை நான் ஒருதரம் படித்தேன். பிறகு வெள்ளைத்துரையைப் படிக்கச் சொன்னேன். அவன் பாதியில் நிறுத்திவிட்டு வண்டியைக் கழுவப் போனான். கழுவின வண்டியையே திரும்பவும் கழுவுகிறான்.

ஏலக்காய் எடுப்பு நடக்கிறது. மழை விட்டும் விடாமலும் பெய்கிறது. ஸ்டோரில் நெருப்பு அணையாமல் காய் உலர்த்த வேண்டும். கொஞ்சம் அசந்தால் பச்சை நிறம் போய்விடும். இந்த நேரத்தில் வா என்கிறாய். உனக்குத் தெரியாததா?

சரி, காய் ஒரு பக்கம் இருக்கட்டும். நான் நேராகவே சொல்லிவிடுகிறேன். சனத்துக்கு முன்னால் போன மரியாதை சனத்துக்கு முன்னால்தான் வர வேண்டும். மாசியில் சிவராத்திரிக்கு நம் குலசாமி கோயிலில் காதுகுத்துக்கு வந்த அத்தனை பேரும் கூடுவார்கள். உன் அண்ணன் அங்கே வந்து சொல்ல வேண்டும். சொன்னால் நான் மைசூர் என்ன, அதற்கு அப்பாலும் வருகிறேன்.

நீ எழுதினது உண்மையாக இருந்தால் அது பெரிய பாவம். ஆனால் அந்தப் பாவத்தை என் தலையில் மட்டும் வைத்து நான் ஜீப்பு ஏறமாட்டேன்.

வேலுத்தாய்


மைசூர்
8.1.1978

அத்தைக்கு,

சிவராத்திரிக்கு அண்ணன் வருவார். "பொட்டச்சி கோவத்துக்கு நான் கோயில்ல விழணுமா?" என்று முதலில் குதித்தார். செல்லத்தாயின் கோட்டுத்தாளை விரித்து அவர் முன்னால் வைத்தேன். வருகிறேன் என்றார்.

ஆனால் மாசி வரைக்கும் ஏன் காத்திருக்க வேண்டும்? இங்கே தோட்ட வேலைக்கு இருக்கிற ஒரு பெரியவர் கனத்த குரலில் ஏதாவது சொன்னால் அவள் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் கூடவே அலைகிறாள். அவர் கன்னடம் பேசுகிறார். போன வாரம் அவள் ஒரு வார்த்தை சொன்னாள். கன்னட வார்த்தை. வாத்தியார் கை தட்டினார். நான் சந்தோஷப்பட்டுக்கொண்டே அழுதேன்.

சீக்கிரம் வாருங்கள்.

சந்திரவல்லி


போடிமெட்டு
23.4.1978

சந்திரவல்லிக்கு,

உன் அண்ணன் சிவராத்திரிக்கு வந்தான் என்று உனக்கே தெரிந்திருக்கும். அவன் தன் வாயால் சொன்னது வேறாக இருக்கும். நடந்ததைக் கேள். புது வேட்டியோடு மண்ணில் நெடுக விழுந்தான். "அத்தே, லாரின்னு சொன்னது என் வாய்க்கொழுப்பு. மனசுல வச்சுக்கிடாதீக" என்றான். நான் உடனே எழுப்பவில்லை. சனம் நன்றாகப் பார்க்கட்டும் என்று விட்டேன். கிழவர் ராக்கையாதான் "போதும் தாயி, எறும்பு கடிக்கும் அவன" என்றார். அதற்கும் சனம் சிரித்தது. இந்தமுறை அவனைப் பார்த்து.

வீட்டுக்கு வந்து படுத்தால் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

வருகிறேன் என்ற சொல் சொல்தான். ஆனால் கோடையில் செடி காய்கிறது, தண்ணீர் விட ஆள் நிறுத்த வேண்டும். வைகாசியில் உரம். ஆனி, ஆடியில் கவாத்து. ஆடி கழியட்டும். பிள்ளை எங்கே ஓடிவிடப் போகிறாள்?

இன்னொன்றும் இருக்கிறது, உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் பார்த்தேன். அங்கே படித்தவர்கள் அத்தனை பேர் இருப்பார்கள். நான் வாயைத் திறந்து அவர்களும் சிரித்துவிட்டால்? அங்கே யாரைக் கோயிலில் விழவைப்பேன்?

அந்தக் கன்னடக்காரர் என்ன வார்த்தை சொல்லிக்கொடுத்தார் என்று எழுதவில்லையே.

வேலுத்தாய்


மைசூர்
24.9.1978

அத்தைக்கு,

அது மண்ணுக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை. இனி அதைப் பற்றி எழுதி என்ன ஆகப் போகிறது?

ஆவணியில் ஒரு நாள் செல்லத்தாயோடு சாலையோரம் நின்றிருந்தேன். எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ்சு வந்து நின்றது. அவள் திரும்பவில்லை. பெட்டியில் பேட்டரி தீர்ந்திருக்கும் என்று மாற்றினேன். அடுத்த பஸ்சுக்கும் திரும்பவில்லை. மறுபடி அந்த அறைக்குக் கூட்டிப்போனோம். இந்தத் தடவை கனத்த சத்தங்களிலேயே தொடங்கினார்கள். மணி அவள் கையிலேயே இருந்தது. அவளாக ஒன்றை எடுத்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். கேட்டதால் போடவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போட்டாள்.

சில காதுகள் இப்படித்தான், மேலே சரிந்தது கொஞ்ச காலத்தில் கீழேயும் சரிந்துவிடும் என்கிறார்கள். ஏன் என்று அவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. யார் பேசியிருந்தாலும், பேசாவிட்டாலும் இது நின்றிருக்காதாம். உங்களிடம் இதைத் தெளிவாக எழுதச் சொன்னார்கள். எழுதிவிட்டேன்.

அவர்கள் எழுதச் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. சிவராத்திரியிலிருந்து ஆவணி வரை அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது, அத்தை.

இனி உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் படிக்க வேண்டும். அதற்கும் பாடம் இருக்கிறது. படிக்கிறோம். பயிற்சி முடிந்ததும் மதுரையில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளி ஒன்றில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. அங்கேயே வீடு பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மெட்டுக்கு வருவதற்கில்லை.

சந்திரவல்லி


போடிமெட்டு
3.10.1978

சந்திரவல்லிக்கு,

கடிதம் வந்தது.

வீட்டில் யாரும் இல்லாத நேரம் நடுக்கூடத்தில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். தோட்டத்தில் கூப்பிடுகிற மாதிரி. அய்யம்மாள் பதறிக்கொண்டு ஓடிவந்து, "யார ஆத்தா கூப்பிடுத? இத்தன வருசமா வீட்டுக்குள்ள ஒன் சத்தம் கேட்டதே இல்லையே, என்னமோ ஏதோன்னு வந்தேன்" என்றாள்.

ஒன்றும் இல்லை, போய் வேலையைப் பார் என்றேன்.



வேலுத்தாய்


போடிமெட்டு
14.5.1981

சந்திரவல்லிக்கு,

பிள்ளை சுகமாக வந்து சேர்ந்தாள். போடி பஸ் நிலையம் வரைக்கும் வந்த நீ அப்படியே மதுரை பஸ்சு ஏறிவிட்டாய் என்று வெள்ளைத்துரை சொன்னான். பள்ளிக்கூட விடுமுறைக்குப் பிள்ளையை அனுப்பினாயே, அதுவே பெரிது.

வளர்ந்திருக்கிறாள். என் உயரத்துக்கு வந்துவிடுவாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். மலையில் குளிர்கிறது என்கிறாள். நீ எழுதியிருந்த மாதிரியே, முகத்துக்கு நேராக நின்று நிதானமாகச் சொன்னால் எல்லாம் விளங்குகிறது. வந்த அன்றைக்கே என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "அப்பத்தா, வெத்தல துப்பு. வாய் தெரியல" என்றாள். இந்த வீட்டில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. துப்பிவிட்டு வாய் கொப்பளித்தேன். பிறகு போடவில்லை. பல் கூசுகிறது.

அவள் பேசுவது முதலில் எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது. தோட்டத்தில் ஒருத்தி அவள் பேச்சைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பார்த்துவிட்டேன். "சிரிச்சது போதும்டி, எறங்கி வீட்டுக்குப் போ" என்றேன். மறுநாள் அவளைத் திரும்பக் கூப்பிட்டது செல்லத்தாய்தான். போய்க் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இந்தக் குணம் நம் இரண்டு பேரிடமும் இல்லை. எங்கிருந்து வந்ததோ.

இன்று காலையில் நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். நான் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உள்ளங்கையை என் தொண்டைக்குக் கீழே, நெஞ்செலும்பில் வைத்தாள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. என் புருஷனுக்குப் பிறகு அங்கே யாரும் கை வைத்ததில்லை. தட்டிவிடப் பார்த்தேன். "பேசு அப்பத்தா. அம்மா பள்ளிக்கூடத்துல இப்பிடித்தான் பாப்போம்" என்றாள். கண்ணை வேறு மூடிக்கொண்டாள்.

பேசு என்றால் என்ன பேசுவது? வாயைத் திறந்தேன். வந்ததைக் கேள். உன் கல்யாணத்தில் உன் சித்தப்பன் எல்லாருக்கும் சந்தனம் கொடுத்துவிட்டு எனக்குக் கொடுக்காமல் தாண்டிப் போனது வந்தது. தலைப்பொங்கலுக்கு நீ பானையை அடிப்பிடிக்க விட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றி மறைத்தது வந்தது. உன் ஆத்தா என்னைக் கேட்காமல் கறிவேப்பிலைக் கன்றைப் பிடுங்கிக்கொண்டு போனது வந்தது. ஒன்றை முடித்தால் அடுத்தது தானாக வந்து நின்றது. எனக்கு எதுவும் மறக்காது என்று ஊரில் சொல்வார்கள். நானும் அதைப் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் கையை எடுக்கவே இல்லை. சாமி சன்னதியில் நிற்கிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இருந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்தினால் "இன்னும்" என்றாள். முடித்ததும் கண்ணைத் திறந்து, "அம்மாவுக்குக் கொஞ்சந்தான் வரும். உனக்கு நெறய வருது. நல்லா இருக்கு" என்று சிரித்தாள்.

நான் பேசியது என்ன என்று அவளுக்குத் தெரியாது. அவள் கைக்கு வந்தது அதிர்வு மட்டும்தான். உன் படிப்பில் அதற்குக் கணக்கு இருக்கும். அந்த நேரத்தில் ஒரு பிள்ளை என் குரலுக்கென்று கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், சந்திரவல்லி. அந்தக் கையில் வைக்க நல்ல வார்த்தை ஒன்றுகூட எனக்கு முன்னால் வந்து நிற்கவில்லை.

நீ அவளிடம் தினமும் என்ன பேசுகிறாய் என்று எழுது. ஆனால் இதைத் தபாலில் போட்டு, நீ படித்து, பதில் வருவதற்குள் நாளாகிவிடும். அவள் இன்று சாயங்காலமே வந்து கையை வைப்பாள். இப்போது அய்யம்மாளோடு ஓடைக்குக் குளிக்கப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் நான் ஏதாவது யோசித்து வைக்க வேண்டும்.

வேலுத்தாய்